கவிச்சியும் கழுநீரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் இறைச்சியைப் பற்றிப் பேசுவது முறையா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரம் வகுத்த மொழி இது. ஊன்சோற்றைப் பாடிய மொழியும் இதுவே. உண்பதா மறுப்பதா என்பது பழைய வழக்கு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல இந்த உரை வரவில்லை. இது எடுத்துக்கொள்வது மிகச் சிறிய கேள்வி. உண்பவர் வீட்டில், பச்சை இறைச்சியை அடுப்பில் ஏற்றுமுன் கழுவ வேண்டுமா, வேண்டாமா? கேட்டவுடன் தமிழ் வீடுகளில் சிரிப்பு எழும். கழுவாமல் யாராவது சமைப்பார்களா என்பார்கள். ஆனால் உலகின் சில பெரிய அரசுகள் தம் குடிமக்களைக் கழுவாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வேண்டுகோளுக்கும் இந்தச் சிரிப்புக்கும் நடுவே ஒரு தமிழ்ச் சொல் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. சொல் அகப்பட்ட இடத்தில் இலக்கிய வட்டத்துக்கு வேலை உண்டு.

முதலில் அரசுகளின் கட்சியைக் கேட்போர் கேட்கட்டும். 2014 ஜூன் மாதத்தில் பிரித்தானியாவின் உணவுத் தர முகமை, பச்சைக் கோழியைக் கழுவுவதை நிறுத்துமாறு மக்களுக்கு அறைகூவல் விடுத்தது. அந்நாட்டில் நூற்றுக்கு 44 பேர் கோழியை எப்போதும் கழுவிய பின்னரே சமைப்பதாக அதன் கணக்கெடுப்புச் சொல்லிற்று. காம்பைலோபாக்டர் என்னும் நுண்ணுயிரால் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,80,000 பேர் நோயுறுவதாக அப்போது மதிப்பிட்டிருந்தனர். பெரும்பாலோர்க்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சில நாள்களில் தீர்ந்துவிடும். அரிதாகச் சிலர்க்கு நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் பின்தொடரும். கோழியின் தோலிலும் சதையிலும் ஒட்டியிருக்கும் இந்நுண்ணுயிரைத் தண்ணீர் முழுமையாக அகற்றுவதில்லை. மாறாக, குழாய்நீர் பட்டுத் தெறிக்கும் துளிகள் அரை மீட்டருக்கும் அப்பால் சென்று விழும். பக்கத்தில் உலர வைத்த தட்டு, வெட்டி வைத்த வெள்ளரிக்காய், துணி, கை எல்லாவற்றிலும் படியும். அடுப்பின் சூடு கோழியில் இருப்பதைக் கொன்றுவிடும். வெள்ளரிக்காயின் மேல் விழுந்ததை யார் கொல்வது? இதுதான் வாதம். வலுவான வாதம் என்பதை மறுப்பதற்கில்லை.

இதற்கு ஓராண்டு முன்னரே, 2013இல், பிலடெல்பியா நகரத்து திரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர் கழுவாமையை அறிவுறுத்தும் சிறு நாடகப் படங்களை வெளியிட்டனர். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதையே ஒற்றை வரியில் சொன்னது. மக்களிடமிருந்து மறுப்பும் கேலியும் சினமும் குவிந்தன. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தோர், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசியர் எனப் பலரும் சொன்னது ஒன்றே: எங்கள் பாட்டி கழுவினாள், எங்கள் அம்மா கழுவினாள், கழுவாத கறியை நாங்கள் வாயில் வைக்க மாட்டோம். நுண்ணுயிரைப் பற்றிப் பேசிய அரசுக்கு, வளர்ப்பைப் பற்றிய மறுமொழி வந்தது. கழுவாதே என்ற சொல், உன்னை வளர்த்தவள் அழுக்கை அறியாதவள் என்று காதில் விழுந்திருக்கிறது.

இதனைக் கீழைநாட்டு வழக்கத்துக்கும் மேலைநாட்டு அறிவியலுக்கும் இடையிலான சண்டை என்று பிரித்துவிடுவது எளிது, தவறும்கூட. அமெரிக்காவின் பழைய சமையல் நூல்கள் பலவும் கோழியைக் கழுவித் துடைத்து எடு என்றே தொடங்கின. பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுசென்ற ஜூலியா சைல்டு அம்மையாரும், பிரான்சில் பிறந்த சமையற்கலைஞர் ஜாக் பெப்பானும் 1999இல் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். கோழி வாட்டும் பகுதியில் இருவரும் ஒத்துப்போகவில்லை. அம்மையார் கழுவுவார், பெப்பான் கழுவுவதில்லை, அடுப்பின் சூடு போதும் என்பார். ஒரே சமையல் மரபு, ஒரே நூல், இரண்டு வழக்கங்கள்.

முட்டைக்கு வந்தால் குழப்பம் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் தரமுத்திரை பெறும் முட்டைகள் கழுவப்பட்ட பின்னரே சந்தைக்கு வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல்தர முட்டையைப் பொதுவாகக் கழுவவே கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு கெட்டு, ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி புகும் என்பது ஐரோப்பியர் கருத்து. ஓட்டின்மேல் ஒட்டிய அழுக்கோடு விற்பதா என்பது அமெரிக்கர் கேள்வி. கழுவிய முட்டையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து இறக்கக் கூடாது என்பதால் அங்கே கடை முதல் வீடு வரை குளிர். இங்கே வெறும் அலமாரி. இன்னொன்றும் உண்டு. குளோரின் கலந்த நீரில் அலசிய கோழியை 1997 முதல் ஐரோப்பா ஏற்பதில்லை. வீட்டில் கழுவ வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கா, ஆலையில் குளிர்நீர்த் தொட்டிகளில் முக்கித்தான் கோழியை அனுப்புகிறது. ஆக, கழுவுவது அறிவா அறியாமையா என்ற கேள்விக்கு அறிவியல் வளர்ந்த இரு நிலங்களே ஒரே விடை தரவில்லை. எங்கே, எதை, எப்பொழுது, எதன் பொருட்டு என்று கேட்ட பின்னரே விடை பிறக்கிறது.

எதன் பொருட்டு என்ற கேள்வியில்தான் தமிழ்ச் சொல் வருகிறது. தமிழ் வீட்டில் இறைச்சி கழுவப்படுவது கிருமிக்காக அன்று, கவிச்சி போவதற்காக. கவிச்சி, கவுச்சி என்று இடத்துக்கு இடம் ஒலி மாறும். ஈழத்தில் மீனுக்கு வெடுக்கு என்பார்கள். இது கெட்டுப்போன இறைச்சியின் நாற்றம் இல்லை. அன்று காலை வெட்டிய நல்ல கறியில், வலையிலிருந்து இறங்கிய துடிப்பான மீனில், இயல்பாக இருக்கும் பச்சை வாடை. அதனைப் போக்கினால்தான் அது உணவு. போக்கும்வரை அது உடம்பு. சில வீடுகளில் இந்தச் சொல் இன்னும் விரிந்து புலால் உணவு அனைத்துக்குமே பெயராகிவிட்டது. வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது என்றால் கறியும் மீனும் இல்லை என்று பொருள். ஒரு வாடையின் பெயர் ஓர் உணவு வகைக்கே பெயரானதைக் கவிஞர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

பழந்தமிழில் இதற்கு மூத்த சொல் புலவு. நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் மீன் உணங்கும் சேரிகள் புலவு நாறுகின்றன. அந்த வாடையே தலைவியின் பிறப்பிடத்துக்கு அடையாளமாகிறது. பாலையின் வழிகளில் கிடக்கும் தசையின் நாற்றத்துக்கு முடை என்று வேறொரு சொல். பச்சையின் வாடை வேறு, அழுகலின் வாடை வேறு என்று மூக்கு பிரித்ததை மொழியும் பிரித்து வைத்திருக்கிறது.

இது தமிழின் தனிச்சொத்து அன்று. மலையாளத்தில் உளும்பு, வங்கத்தில் ஆன்ஷ்டே, எகிப்திய அரபியில் ஸஃபாரா, சப்பானியத்தில் நமகுசாய் என்ற சொற்கள் இதே வாடையைச் சுற்றி நிற்கின்றன. சீனர் ஒருபடி மேலே சென்றனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற லூ புவெய்யின் நூலில், நீர்வாழ் உயிர்களின் வாடை, ஊன் தின்னும் விலங்குகளின் வாடை, புல் தின்னும் விலங்குகளின் வாடை என மூன்றுக்கும் மூன்று தனிச்சொற்கள் காட்டப்பட்டுள்ளன. அதனாலோ என்னவோ, சீனச் சமையலாளர் எலும்புக்கறியை இஞ்சியோடு நீரிலிட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டு, நுரையோடு அந்நீரைக் கொட்டிவிட்டுப் பின்னர்தான் சமையலைத் தொடங்குகின்றனர். திரினிடாத் தீவில் நடந்தது எல்லாவற்றிலும் விந்தை. அங்கே ஆங்கிலம் பேசுவோர் இவ்வாடையைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொல் 'ஃபிரெஷ்'. இலண்டனில் புதியது, நல்லது என்று பொருள்படும் சொல், கடல் கடந்ததும் எலுமிச்சை தேய்த்துப் போக்க வேண்டிய வாடையாகிவிட்டது. இலண்டன் ஆங்கிலத்தில் அழுகிய மீனுக்கும் வேட்டைக்கறியின் காட்டத்துக்கும் சொற்கள் உண்டு. நல்ல கோழியின் பச்சை வாடைக்கெனச் சமையற்கட்டில் அன்றாடம் புழங்கும் தனிச்சொல் இல்லை. சொல் இல்லாத வீட்டில் அதனைப் போக்கும் சடங்கும் தேவைப்படாமல் போயிருக்கலாம். இதனை விதியாக நிறுவ முடியாது. ஆனால் அரசு அறிவிப்புகளை எழுதியவர்கள் கவிச்சி என்று ஒன்று இருப்பதையே எண்ணிப் பார்க்கவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

சொல்லை விட்டுச் செயலுக்கு வந்தால், கழுவாதே என்ற ஏவல் இன்னும் சிக்கலாகிறது. ஆங்கிலத்தில் ஒரு வினை; தமிழ்ச் சமையற்கட்டில் எத்தனை வினைகள்! கறியை அலசுகிறார்கள், பிசைகிறார்கள், வடிக்கிறார்கள். கோழியைத் தீயில் வாட்டி மஞ்சள் பூசித் தேய்க்கிறார்கள். மீனை ஆய்ந்து, கல்லுப்பும் புளியும் சேர்த்து மண்சட்டியிலோ கல்லிலோ உரசுகிறார்கள். ஆட்டுக் குடலைச் சுண்ணாம்பு தடவி வெந்நீரில் போட்டுச் சுரண்டுகிறார்கள். எத்தனை முறை என்பதற்குக் கணக்கும் நீரால்தான். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்றாம் தண்ணீர். இவையனைத்தையும் ஒரே சொல்லால் விலக்க முற்பட்டால் கேட்பவர் எதை விடுவார், எதை வைத்துக்கொள்வார்? குடலைக் கழுவாமல் சமை என்று எந்த அறிவியலும் சொல்லாது.

கடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கடையில் கோழி தட்டில் வருகிறது. மேலே மென்தாள், அடியில் ஈரம் உறிஞ்சும் அட்டை. இறகில்லை, குடலில்லை, கண்ணுக்குத் தெரியும் அழுக்கில்லை. தட்டின் அடியில் தேங்கும் சிவப்பு நீர்கூடப் பெரும்பாலும் குருதி அன்று. தசையின் நிறமியான மயோகுளோபின் கலந்த நீர். தமிழ்நாட்டுக் கறிக்கடையில் கோழி வாங்குபவர் கண்ணெதிரே கூண்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அறுத்து டிரம்மில் போடுகிறார்கள். அடங்கியபின் தோலை உரித்துப் புளியங்கட்டையில் வைத்து வெட்டுகிறார்கள். சிறிது நேரத்தில் பைக்கு வரும் கறியில் இளஞ்சூடு மாறாது. அதில் எலும்புச் சில்லு இருக்கும். கட்டையின் மரச்சிராய் இருக்கும். உறைந்த குருதி, ஒட்டிய இறகு, ஈ அமர்ந்த தடம் எல்லாம் இருக்கும். ஆட்டுக்கறியென்றால் மயிர். அதனைப் பொறுக்கி அலசாமல் குழம்பு வைத்தவர் விருந்தினர் முன் தலைநிமிர முடியாது. இங்கே கழுவுதல் என்பது மூடநம்பிக்கை அன்று. கடை செய்யாமல் விட்ட வேலையை வீடு செய்வது.

கவிச்சிக்காகக் கழுவுவது பயன் தருகிறதா என்று கேட்டால், மீனுக்குத் தருகிறது என்பதே விடை. கடல்மீன் இறந்தபின் அதன் உடலிலுள்ள ஒரு பொருளை நுண்ணுயிர்கள் டிரைமெத்திலமீன் என்னும் வேதிப்பொருளாக மாற்றுகின்றன. மூக்கைத் தாக்குவது அதுவே. புளியும் எலுமிச்சையும் அமிலம். அமிலம் பட்டதும் அது காற்றில் பறக்காத உப்பாக மாறிவிடுகிறது, நீரோடு போகிறது. வேதியியல் நூல் படிக்காத கைகள் கண்ட உண்மை இது. ஆட்டின் வாடைக்கு இந்த வித்தை பலிப்பதில்லை. அது கொழுப்பில் குடியிருப்பது. தண்ணீர் எத்தனை மாற்றினாலும் வெளியே வராது. இஞ்சியும் பூண்டும் பட்டையும் அதனை மறைக்கின்றன, அவ்வளவே. ஆனால் மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று வழங்கும் நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். வீட்டில் பூசும் அளவுக்கும் நேரத்துக்கும் அவை கோழியைக் கிருமியற்றதாக்குவதில்லை. அந்த வேலையைச் செய்வது சூடு. கோழியின் நடுச்சதை 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க அளவு. மணிக்கணக்கில் கொதிக்கும் தமிழ்க் குழம்புக்கு அது ஒரு பொருட்டே அன்று.

கழுவுதலை நாற்றத்துக்காகவும் அன்றி, அழுக்குக்காகவும் அன்றிச் சட்டமாகவே வைத்திருப்போர் யூதர். குருதியை உண்ணலாகாது என்பது அவர்கள் மறையின் கட்டளை. அதனால் இறைச்சியை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, பரல் உப்பைத் தூவி ஒரு மணி நேரம் சாய்வான பலகையில் குருதி வடியவிட்டு, மீண்டும் மும்முறை அலசுவார்கள். ஈரல் குருதி மிக்கது என்பதால் அதற்கு இந்த முறை போதாது. நெருப்பில் நேராகச் சுட வேண்டும். இன்று இவ்வேலையைப் பெரும்பாலும் கசாப்புக்காரரே முடித்துத் தருகிறார். இவர்களிடம் போய் நுண்ணுயிர்க் கணக்கைக் காட்டிக் கழுவாதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை. கேள்வி வேறு, விடையும் வேறு.

இவ்வளவும் கேட்டபின், வழக்கம் என்றால் காக்கப்பட வேண்டியதே என்று யாரேனும் முடிவுகட்டினால் அட்லாண்டா நகரத்துச் செய்தி ஒன்றை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பன்றிக்குடல் கறி அங்கே ஆப்பிரிக்க அமெரிக்கர் பண்டிகைக் காலத்தில் விரும்பிச் சமைப்பது. அடிமைக் காலத்தில் பண்ணையார் வேண்டாம் என்று ஒதுக்கியதை உணவாக்கிக்கொண்டவர்களின் பண்டம். அதில் நினைவும் தன்மானமும் கலந்திருக்கின்றன. அதனைத் துப்புரவு செய்வது மணிக்கணக்கான வேலை; ஒவ்வொரு துண்டாகக் கொழுப்பையும் அழுக்கையும் உரித்து, நீர் மாற்றி மாற்றி அலசுவார்கள். 1988 இறுதியிலும் 1989 தொடக்கத்திலும் அந்நகரில் கைக்குழந்தைகள் சிலர் எர்சினியா என்னும் நுண்ணுயிரால் கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர். 1990இல் வெளியான மருத்துவ ஆய்வு காரணத்தைச் சொன்னது. அக்குழந்தைகள் குடற்கறியைத் தின்றவர்கள் அல்லர். பல்லே முளைக்காதவர்கள் எப்படித் தின்பார்கள்? வீட்டில் பச்சைக் குடலைத் துப்புரவு செய்தபோது, அந்த வேலையில் இருந்தவர்களின் கை வழியே கிருமி குழந்தைக்குப் போயிருக்கிறது. அழுக்கைப் போக்க உழைத்த கையே நோயைத் தந்த கை.

ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறையினர் பின்னர் செய்தது பாராட்டுக்குரியது. பண்டத்தைக் கைவிடு என்று அவர்கள் சொல்லவில்லை. துப்புரவு செய்யாதே என்றும் சொல்லவில்லை. அச்சமூகத்துப் பெண்களோடு கலந்து பேசி, துப்புரவு செய்யுமுன் குடலை ஐந்து நிமிடம் கொதிக்கவை, பிறகு உன் வழக்கப்படி செய் என்று வரிசையை மாற்றிச் சொன்னார்கள். ஐந்து நிமிடக் கொதியில் கிருமி சாகிறது, வழக்கம் சாகவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் கோழிக்கு அறிவிப்பு எழுதியவர்கள் இந்தப் பாடத்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. 1983க்குப் பின் இலண்டனுக்கும் டொராண்டோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் குடிபெயர்ந்த ஈழத்தமிழரும், பிழைப்புக்காகச் சென்ற தமிழ்நாட்டவரும் தம்மோடு கவிச்சி என்ற சொல்லைக் கொண்டுசென்றனர். வெடுக்கு என்ற சொல்லையும் கொண்டுசென்றனர். கொல்லைப்புறத்தைக் கொண்டுசெல்ல முடியவில்லை. ஊரில் மீன் ஆய்வது கிணற்றடியில், சட்டியில். சோறு வடிக்கும் இடம் ஒரு பக்கம், கறி கழுவும் இடம் மறுபக்கம். அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். கறி கழுவிய நீர் ஒருபோதும் போகாது, அது வாழையடிக்கோ கறிவேப்பிலைச் செடிக்கோ உரியது. இரண்டு நீரும் கலக்கக் கூடாது என்பதில் ஊர் மிகக் கண்டிப்பானது. அடுக்குமாடி வீட்டிலோ எல்லாம் ஒரே எவர்சில்வர் தொட்டி. அதன் மேலே உயரமான குழாய். பக்கத்தில் குழந்தையின் பால்போத்தல், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, மல்லித்தழை. கறிச்சோற்றோடு பச்சை வெங்காயம் கடிக்காமல் தமிழர் உண்பதும் அரிது. கை மாறவில்லை, நீர் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. இலண்டனில்தான் என்றில்லை, சென்னையின் அடுக்ககங்களிலும் இதே கதைதான்.

இடம் மாறியதன் விலையை 2019இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அமெரிக்க வேளாண்துறைக்காக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 300 பேரைச் சோதனைச் சமையற்கட்டுகளில் கோழியும் பச்சைக்கீரைக் கலவையும் ஆக்கச் செய்தனர். கோழியில் தீங்கற்ற, அடையாளம் காணக்கூடிய நுண்ணுயிர் ஒன்றை முன்னரே இட்டிருந்தனர். கழுவியவர்களில் நூற்றுக்கு 60 பேரின் தொட்டியில் அந்த நுண்ணுயிர் இருந்தது. தொட்டியைத் துப்புரவு செய்ததாக எண்ணிய பின்னும் 14 பேரிடம் இருந்தது. 26 பேரின் கீரையில் அது ஏறியிருந்தது. இதுவரை அரசுகள் சொன்னது மெய்யாகிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. அதனை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கோழியைக் கழுவாதவர்களிலும் நூற்றுக்கு 31 பேரின் கீரையில் அந்த நுண்ணுயிர் இருந்தது. கழுவாமல் விட்டுவிட்டோம் என்ற நிறைவில், கையைக் கழுவ மறந்தால் வேறென்ன நடக்கும்? குழாய் ஒரு வழி. கை பெருவழி.

குழாயைப் பற்றி 2022இல் பாய்மங்களின் இயற்பியலை ஆராயும் ஓர் இதழில் வெளியான கட்டுரையும் இங்கே துணைக்கு வருகிறது. குழாய் எவ்வளவு உயரமோ அவ்வளவு தெறிப்பு மிகுதி. கோழியின் சதை மென்மையானது என்பதால் நீர்த்தாரை பட்ட இடம் குழிந்து, தெறிப்பை மேலும் கூட்டுகிறது. ஆயின், குழாயைத் திறவாமல், பாத்திரத்தில் முன்னரே எடுத்துவைத்த நீரில் கறியை அமிழ்த்தி அலசி, நீரை மெல்லச் சாய்த்துக் கொட்டினால் தெறிப்பதற்குத் தாரையே இல்லை. கிணற்றடிச் சட்டி செய்ததும் அதுதான். அதனாலும் ஆபத்து அடியோடு நீங்கிவிடாது. கையும் தொட்டியும் பாத்திரமும் அப்புறம் சோப்பும் வெந்நீரும் காண வேண்டும். தட்டில் மூடிவரும் கோழிக்கு அந்தச் சட்டியும் தேவையில்லை என்பதே அரசுகளின் அறிவுரை. எலும்புச் சில்லும் இறகும் இல்லாத இடத்தில் அவர்கள் சொல்வது சரி. கட்டையில் வெட்டி வாங்கிய கறிக்கும் உரசாத மத்திமீனுக்கும் அதனை அப்படியே நீட்டுவதுதான் பொருந்தவில்லை.

கடைசியாகக் கவிஞர்களுக்கு உரிய பகுதி. இத்தகைய அறிவிப்புகள் தமிழில் வரும்போது எவ்வாறு வருகின்றன? ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்து, பச்சைக் கோழியைக் கழுவுவதைத் தவிர்க்கவும், குறுக்கு மாசுபாட்டைத் தடுக்கவும் என்று எழுதினால், படிப்பவர் இரண்டாம் சொல்லிலேயே நின்றுவிடுவார். குறுக்கு மாசுபாடு என்பது எந்த அடுக்களையிலும் புழங்காத சொல். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தொட்ட கை வழியே தொடாத பொருளுக்கும் பரவும் என்ற கருத்துக்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. தீட்டு என்று ஒரு சொல் உண்டு; அது மனிதரை மனிதர் ஒதுக்கப் பயன்பட்ட கொடுமையின் கறை படிந்தது, அதனைத் தொடக்கூடாது. பத்து என்று ஒன்று உண்டு. அது சில வீடுகளுக்குள் மட்டும் வழங்குவது. எல்லார் வீட்டிலும், எல்லாச் சாதியிலும், சிறு குழந்தைக்கும் விளங்குவது எச்சில். எச்சில் கையால் குழம்புச் சட்டியைத் தொடாதே என்று கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை அரிது. எச்சில் கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் பரவும், கழுவினால் போகும், அதில் யாருடைய பிறப்பும் இழிவுபடுவதில்லை. பச்சைக் கறி தொட்ட கை எச்சில் கை, அந்தக் கையால் உப்புச்சாடியைத் திறவாதே என்று எழுதினால் மாமியாரும் மருமகளும் ஒருங்கே ஒப்புவர். இதில் குழாய் இன்னும் வரவில்லை, சட்டியும் வரவில்லை. கவிச்சிக்கும் ஓரிடம் தர வேண்டும். நான்கு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். இவ்வட்டத்தில் வெண்பா எழுத வல்லோர் பலர் உண்டென்று கேள்வி.